ஸ்பூன்ல சாப்பிட்டா கை நனையாது

வேண்டாமா? சரி தாயி. வேண்டாம்னா வேண்டாம். ரெண்டாவது தடவை கேக்குற ஆளு இல்லை நான். முன்னாடி அப்படித்தான் இருந்தேன், இப்ப விட்டுட்டேன். டப்பாவை மட்டும் இப்படித் தொறந்தே வச்சுக்கிறேன், மூடி வச்சா வேர்த்துப் போகும். உன் பக்கமாத் திருப்பி வச்சிருக்கேன்னு நினைக்காதே. எம் பக்கம் வெயில் அடிக்குது, அதுக்குத்தான்.

பார்த்தா கொழுக்கட்டை மாதிரி தெரியும். கொழுக்கட்டை இல்லை. ஆஸ்திரியா பலகாரம். க்னோடல்னு பேரு. உள்ள பிளம்ஸ் பழம் வைக்கணும், அது மதுரையில இப்பக் கிடைக்கலை, பேரீச்சம்பழம் வச்சேன். உருளைக்கிழங்கை மசிச்சு மாவோட பிசையணும், எனக்குக் கை பழக்கம் பச்சரிசி மாவு, அதுலயே செஞ்சுட்டேன். மேல ரொட்டித் தூளை வெண்ணெயில வறுத்துப் புரட்டணும், அதுக்குப் பதிலா தேங்காப்பூ. மத்தபடி அப்படியே ஆஸ்திரியாதான். எங்க வீட்டுக்காரர் இதைப் பார்த்து, "கொழுக்கட்டை நல்லாருக்கே"ன்னாக. ரெண்டு நாள் அவுக கூடப் பேசலை நான்.

அந்தா, ஜன்னலோரமா கண்ணை மூடி உக்காந்திருக்காகளே, அவுகதான். தூங்கலை. அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாக. இ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவுக, கரண்டு இருக்கா இல்லையான்னு தொடாமப் பார்த்த பழக்கம் இன்னும் போகலை.

நீ எதுவரைக்கும்? திருச்சியா. நாங்க மெட்ராஸ் போறோம். நாளைக்குக் காலையில என் சம்பந்தியம்மா ஆஸ்திரியாவுல இருந்து வந்து இறங்குது. கூடவே என் மகனும் அந்தப் புள்ளையும். கூட்டிட்டு மதுரைக்கு வந்தா அடுத்த வாரம் திருப்பரங்குன்றத்துல கல்யாணம். ஆமா, வெள்ளைக்காரப் புள்ளதான். ஏன் அப்படிப் பார்க்குறே? நான் ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கும் ஒண்ணும் சொல்லலை.

எங்களுக்கு ஒரே மகன். சொக்கநாதன்னு பேரு. சொக்குன்னுதான் கூப்பிடுவோம். கிராட்ஸ்னு ஒரு ஊருல வேலை பார்க்குறான், எட்டு வருஷமாச்சு. அங்க ஷோக்கோன்னா சாக்லேட்டாம். ஆபீஸ்ல எல்லாரும் ஷோக்கோ ஷோக்கோன்னு கூப்பிடுறாகளாம். மதுரைச் சாமி பேரை வச்சு அனுப்புனேன், மிட்டாய் ஆக்கி வச்சிருக்காக. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லலை.

போன வருஷம் ஒருநாள் போன்ல, "அம்மா, லேனின்னு ஒரு பொண்ணு"ன்னு ஆரம்பிச்சான். நான் ஒண்ணும் சொல்லலை தாயி. நாலு நாள் போனை எடுக்கலை, அம்புட்டுதான். அஞ்சாவது நாள் இவுகளுக்குப் போன் போட்டு, "அம்மாவைக் கூட்டிட்டு ஒரு தடவை வாங்கப்பா, அவங்க வீட்டுல வந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்"னு ரெண்டு டிக்கெட்டையும் எடுத்து அனுப்பிட்டான்.

நீ திருச்சிக்காரி, உங்க பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்க பக்கம் பொண்ணு பார்க்கப் போனா அந்த வீட்டுல கை நனைக்க மாட்டோம். சாப்பாடு, பலகாரம் ஒண்ணையும் தொடுறதில்லை. என்ன வாசம் வந்தாலும் சரி. சம்பந்தம் சரின்னு மனசுல பட்டுச்சுன்னாத்தான் கை நனைக்கிறது. நனைச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது, அப்புறம் மாத்திப் பேசக் கூடாது. எங்க அத்தை ஒருத்தி அந்தக் காலத்துல வெயில் தாங்காம ஒரு டம்ளர் பானகம் குடிச்சுட்டு, அந்த வீட்டுப் பொண்ணையே எடுத்தாக. அம்புட்டுக் கறார்.

அதனால நான் போன்லயே அவங்கிட்டச் சொல்லிட்டேன். "வர்றேன்டா. பார்க்குறேன். ஊரைச் சுத்திப் பார்க்குறேன். ஆனா அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்." அதுக்கு அவன், "அம்மா, அவங்க வீடே ஓட்டல்தாம்மா"ன்னான்.

இது எப்படி இருக்கு பாரு. ஓட்டலுக்குப் போயி கை நனைக்காம எப்படி வர்றது?

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தான். "டாங்கே. நன்றின்னு அர்த்தம். யாரு என்ன குடுத்தாலும் சிரிச்சுக்கிட்டே டாங்கேன்னு சொல்லும்மா, அது போதும்"னான். நான் வீட்டுல சொல்லிப் பார்த்தேன், ஏரோப்ளேன்ல சொல்லிப் பார்த்தேன். அங்க போயி பஸ்ல எந்திரிச்சு இடம் குடுத்தவன்கிட்டச் சொன்னேன், கடைக்காரன்கிட்டச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. நல்லாச் சொல்றேன்னு சொக்குவே சொன்னான். இவுகளுக்குத்தான் வரலை. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் "தாங்க" "தாங்க"ன்னுதான் வாயில வருது. "அது தாங்க இல்லைங்க, டாங்கே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். பேசாம வாயை மூடிட்டு வாங்கன்னுட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனோம். கிராட்ஸ்ல இருந்து ஒரு மணி நேரம் கார்ல, மேடும் பள்ளமுமா, வழியெல்லாம் பரங்கிக்காய்த் தோட்டம். ஒரு சின்னக் கிராமம், கோயில் மணிக்கூண்டு, பக்கத்துல இந்த ஓட்டல். நான் ஓட்டல்னா நம்ம மதுரை டவுன்ஹால் ரோட்டு ஓட்டல் மாதிரி நினைச்சேன். உள்ள போனா வீடு மாதிரி இருக்கு. செவரெல்லாம் மரம். மூலையில பச்சை ஓடு பதிச்சு ஆள் உயரத்துக்கு ஒரு அடுப்பு. சமைக்கிற அடுப்பு இல்லை, குளிர் காயிற அடுப்பு. அதைச் சுத்தி பெஞ்சு போட்டிருக்கு. என்னை அதுல உக்கார வச்சாக. முதுகுல அந்தச் சூடு ஏறுச்சு பாரு, மெட்ராஸ்ல இருந்து பிடிச்சிருந்த இடுப்பு வலி அப்படியே கரைஞ்சு போச்சு. பாதிக் கோவமும் போயிருச்சு. நான் வெளியில காட்டிக்கலை.

அந்தம்மா வந்துச்சு. ரோஸ்விதான்னு பேரு. நல்ல உயரம். பாவாடையும் ரவிக்கையும் மாதிரி ஒரு உடுப்பு, அதுக்கு மேல பட்டுல ஏப்ரன் மாதிரி முன்துணி கட்டியிருந்துச்சு. எனக்காகத்தான் கட்டியிருக்குன்னு பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு, நானும் அதுக்காகத்தானே அரக்குப் பட்டைக் கட்டிட்டுப் போனேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சாம், ஒத்தையா அந்த ஓட்டலை நடத்துது. அதுக்கும் ஒரே புள்ளதான், லேனி. அந்தம்மா என் பேரைச் சொல்லப் பார்த்துச்சு. என் பேரு அங்கயற்கண்ணி. "அங்... அங்கயா..." கடைசியில "அங்கா"ன்னு முடிச்சுக்கிருச்சு. பரவாயில்லைன்னேன். அந்தப் புள்ள லேனி காலைத் தொட்டுக் கும்புட்டுச்சு. யாரு சொல்லிக் குடுத்தாகளோ, கும்புட்டுட்டு எந்திரிக்கையில மேசையில இடிச்சுக்கிருச்சு. நல்ல புள்ளதான். நான் இல்லைன்னு சொல்லலையே.

பரிமாறுறவளுக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு ஆளு இல்லை. கூட்டமோ நெறஞ்சு கெடக்கு. என் மகன் முன்துணியைக் கட்டிக்கிட்டான். எம்.டெக். படிச்ச புள்ள, மூணு தட்டை ஒரு கையில தூக்கிட்டு ஓடுறான். வீட்டுல சாப்பிட்ட தட்டை எடுத்து வச்சதில்லை தாயி அவன். லேனி ஒரு பக்கம் ஓடுது, அவன் ஒரு பக்கம் ஓடுறான். எங்க மேசையை அந்தம்மாவே பார்த்துக்கிருச்சு.

முதல்ல சூப்பு. பெரிய பீங்கான் பாத்திரத்துல கொண்டு வந்துச்சு. ரசம் மாதிரி தெளிவா இருக்கு, அதுக்குள்ள தோசையைச் சுருட்டி நூல் நூலா நறுக்கிப் போட்டிருக்கு. ரசத்துல தோசை. நம்ம வீட்டுல ஒரு மருமக அப்படிச் செஞ்சா என்ன பேச்சு வாங்குவா. கரண்டியைத் தூக்கிட்டு அந்தம்மா என்னைப் பார்த்து, "பிட்டே"ங்குது. பிட்டே, பிட்டே ஷோன்ங்குது. எனக்குத் திக்குன்னுச்சு. "ஏங்க, பிட்டுங்குதே, இதையா?"ன்னு இவுககிட்டக் கேட்டேன். "நம்ம மதுரைக்காரகன்னு தெரிஞ்சு பிட்டு செஞ்சிருப்பாக, எங்கயோ தப்பிப் போச்சு போல, நீ ஒண்ணும் சொல்லாதே"ன்னாக. ஆவணி மூலத்துல கோயில்ல குடுக்குற பிட்டு எங்க, இந்தத் தண்ணி எங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

ஆனா கை நனைக்கக் கூடாதுல்ல. அதுக்காக மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னா சொல்ல முடியும்? அப்படிச் சொல்லத் தெரியவும் தெரியாது. நமக்குத்தான் ஒரு வார்த்தை இருக்கே. ரெண்டு கையையும் கூப்பிச் சிரிச்சுக்கிட்டே, "டாங்கே"ன்னேன். ஊத்துனா ஊத்தட்டும், நன்றி சொல்லிட்டுத் தொடாம வச்சிருவோம்னு எண்ணம். அந்தம்மா கரண்டியை அப்படியே நிறுத்திருச்சு. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துச்சு. பாத்திரத்தை இவுக பக்கம் கொண்டு போயிருச்சு.

இவுக என்ன செஞ்சாக தெரியுமா? கிண்ணத்தை ரெண்டு கையாலயும் தூக்கி நீட்டி, "தாங்க"ன்னாக. கிண்ணம் ரொம்ப ஊத்துச்சு. நான் தொடையில கிள்ளினேன். "கை நனைக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே கூட்டியாந்தேன்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். "ஸ்பூன்லதானடி சாப்பிடுறேன், கை எங்க நனைஞ்சுது?"ன்னாக. பாரு, காதுல விழுந்துருச்சு, சிரிக்கிறாக. கண்ணை மூடுங்க, உங்களைப் பத்தி ஒண்ணும் பேசலை.

அப்புறம் கோழி. தாயி, அந்தக் கோழியைச் சொல்லணும். ரொட்டித் தூள்ல புரட்டிப் பொரிச்சு, தங்க நெறத்துல, பெரிய தட்டு நிறைய. தொட்டா நொறுங்குற மாதிரி. வாசம் அடுப்பு வரைக்கும் வந்து என்னையச் சுத்துது. காலையில சொக்கு வீட்டுல ஒரு ரொட்டித் துண்டு சாப்பிட்டதுதான். பசி கண்ணைக் கட்டுது. அப்ப நான் என்ன நினைச்சேன்னா, ஸ்பூன் மாதிரி இங்க முள்கரண்டி இருக்கு, முள்கரண்டியில சாப்பிட்டாலும் கை நனையாதே. இவுக சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கேன்னு பட்டுச்சு.

அந்தம்மா தட்டை எம் பக்கம் கொண்டாந்து, "பிட்டே?"ன்னுச்சு. கோழியவும் பிட்டுங்குது, போகட்டும். நான் நல்லாச் சிரிச்சு, கையக் கூப்பி, "டாங்கே"ன்னேன். தட்டு போயிருச்சு. நேரா இவுககிட்ட. "தாங்க." மூணு துண்டு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். நம்ம ஊருல ஒரு விருந்தாளி வேண்டாம்னு சொன்னாலே நாலு தடவை கேப்போம். நான் வேண்டாம்னு கூடச் சொல்லலை. நன்றிதானே சொல்றேன்? அதுக்குப் பிறகும் தட்டைத் தூக்கிட்டுப் போனா என்ன அர்த்தம்? புருசனுக்கு மட்டும் போடுது, எனக்கு ஒரு எலும்பு கூட இல்லை. சரி, அந்தம்மா வளர்ப்பு அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். உருளைக்கிழங்கு வந்துச்சு, அது மேல பரங்கி விதையில ஆட்டுன எண்ணெய், கரும்பச்சையா, நல்லெண்ணெய் வாசத்துக்கு அண்ணன் முறை. நம்மாளுக சாப்பாடு இது, இதையாவது குடுக்கும்னு பார்த்தேன். டாங்கேன்னேன். போயிருச்சு. தண்ணியக் காட்டுச்சு. டாங்கேன்னேன். தண்ணியும் போயிருச்சு. தண்ணி குடுக்காத வீட்டை நீ பார்த்திருக்கியா?

சொக்கு ரெண்டு மூணு தடவை எங்களைக் கடந்து போனான். என் வெறுந்தட்டைப் பார்த்தான். மூஞ்சி தொங்கிப் போயி இருந்துச்சு. தட்டு தூக்குற அசதின்னு நினைச்சேன்.

மணப்பாறை வந்துருச்சா. முறுக்குக்காரன் ஏறுவான், வாங்கிராதே, வயிறு நிறைஞ்சு போகும். அப்புறம் உனக்கு வேற எதுவும் சாப்பிடத் தோணாது. நான் எதையும் மனசுல வச்சுச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்.

கடைசியில இது வந்துச்சு. இந்த க்னோடல். கூட்டம் குறைஞ்சிருந்துச்சு. அந்தம்மா தட்டைக் கொண்டு வந்து, நின்னுக்கிட்டே நீட்டாம, என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்துச்சு. எட்டு உருண்டை. ஆவி பறக்குது. ஒண்ணை ரெண்டாப் பிட்டுக் காமிச்சுச்சு. உள்ள செக்கச் செவேல்னு பழம், கொட்டைய எடுத்துட்டு அந்த இடத்துல சக்கரை வச்சிருக்கு. அது தன் கையக் காட்டி, மாவு பிசையிற மாதிரி, உருட்டுற மாதிரி செஞ்சு காமிச்சுச்சு. நாந்தான் செஞ்சேங்குது. விரல் நுனியெல்லாம் பழக் கறை. நான் அந்தக் கையப் பார்த்தேன். பூரணம் வச்சு மூடி உருட்டுற கை எனக்குத் தெரியாதா? மூடுன இடம் தெரியாம உருட்டியிருக்கு. அது லேசுல வராது.

அந்த இடத்துல எம் மனசு இளகிப் போச்சு தாயி. கோழி குடுக்காட்டிப் போகுது, இவ நம்ம வீட்டுப் பொம்பளைதான்னு தோணிருச்சு. இந்தக் கை வளர்த்த புள்ள எம் மகனைப் பட்டினி போடாதுன்னு தோணிருச்சு. சரி, நடக்கட்டும். கை நனைச்சிருவோம். மனசார முடிவு பண்ணிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதோட ரெண்டு கையவும் புடிச்சுக்கிட்டு, "டாங்கே. டாங்கே. டாங்கே"ன்னு மூணு தடவை சொன்னேன்.

அந்தம்மா மூஞ்சி விழுந்து போச்சு. கைய மெதுவா உருவிக்கிருச்சு. தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிருச்சு. போகையில முன்துணியால கண்ணைத் தொடச்சுச்சு.

நான் அப்படியே உக்காந்திருக்கேன். என்ன குத்தம் செஞ்சேன்னு விளங்கலை. சொக்கு வந்தான். முன்துணியை அவுத்து மேசையில போட்டான். "திருப்தியாம்மா?"ன்னான். சத்தம் போடலை, அதான் எனக்குப் பயமாப் போச்சு. "அவங்க ஒரு வாரமாத் தூங்கலை. வழக்கமா மாட்டெலும்புலதான் அந்த சூப்பு வைப்பாங்க. உனக்காகக் கோழியில வச்சாங்க. எங்க ஊருல அம்மா சாப்பிட்டாத்தான் கல்யாணம்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன். நீ ஒண்ணைக் கூடத் தொடலை. மூஞ்சிக்கு நேரா கும்புட்டுக் கும்புட்டு வேண்டாம்னே. இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீங்க நாளைக்கே கிளம்பலாம். ஆனா நான் இனிமே ஊருக்கு வர மாட்டேம்மா."

"நான் எங்கடா வேண்டாம்னேன்? நீ சொல்லிக் குடுத்த வார்த்தையத்தானேடா சொன்னேன். டாங்கேன்னு தானேடா சொன்னேன்"னேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்பனைப் பார்த்தான். நெத்தியில கைய வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டான். அப்புறம்தான் சொல்றான் பாவி. சாப்பாட்டை நீட்டுறப்ப டாங்கேன்னு மட்டும் சொன்னா, "நன்றி, வேண்டாம்"னு அர்த்தமாம். வேணும்னா "பிட்டே"ன்னு சொல்லணுமாம். அந்தம்மா நீட்டுறப்பச் சொன்ன பிட்டேயும் நம்ம பிட்டு இல்லை, எடுத்துக்கங்கன்னு அர்த்தமாம். நான் கை நனைக்க மாட்டேன்னு ஊருல சபதம் போட்டுட்டு வந்தவல்ல, அதனால வேணும்னேதான் ஒவ்வொண்ணாத் தள்ளுறேன்னு அவனும் நினைச்சுக்கிட்டான். எட்டு வருஷம் அந்த ஊருல இருந்தவன், பெத்தவளுக்கு ஒரு வார்த்தையச் சொல்லிக் குடுத்தான், எங்க சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கலை. மூணு தடவை டாங்கேன்னேனே. நான் மூணு தடவை சம்மதம் சொன்னேன், அந்தம்மா காதுல மூணு தடவை உம் பொண்ணு வேண்டாம்னு விழுந்திருக்கு.

நான் எந்திரிச்சேன். நேரா அடுப்படிக்குப் போனேன். அந்தம்மா தொட்டிக்கு முன்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. லேனி பக்கத்துல நிக்குது, மூக்குச் செவந்து போயி. தட்டு மேசை மேல இருக்கு. பிட்டுக் காமிச்சதோட சேர்த்து எட்டும் அப்படியே இருக்கு. நான் குழாயைத் தொறந்து கையக் கழுவினேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். "பிட்டே"ன்னேன்.

அந்தம்மா திரும்புச்சு. அதுக்கு நம்பிக்கை வரலை. நான் தட்டைக் காமிச்சு மறுபடியும், "பிட்டே"ன்னேன். அது அவசர அவசரமா ஒரு முள்கரண்டியத் தேடி எடுத்து நீட்டுச்சு. நான் அதை வாங்கி ஓரமா வச்சேன். முள்கரண்டியில தின்னா அப்புறம் இவுக வாதம் எனக்கும் வந்துரும்ல. கையாலேயே எடுத்தேன். சூடு. வெண்ணெய் மணிக்கட்டு வரைக்கும் ஒழுகுது, பழச்சாறு வளையல்ல ஏறுது. நல்லா நனையட்டும்னு விட்டேன்.

ருசி? புளிப்பும் இனிப்புமா, வெளிய மொறு மொறுன்னு, உள்ள பஞ்சு. நம்ம கொழுக்கட்டைக்குக் கொஞ்சம் கீழதான். கொஞ்சம்தான்.

ஒண்ணு முடிஞ்சுச்சு. அந்தம்மா இன்னொண்ணு வச்சுச்சு. பிட்டே. மூணாவது வச்சுச்சு. பிட்டே. எனக்கு வயிறு முட்டிருச்சு. நாலாவதைக் கையில எடுத்துட்டு என்னையவே பார்க்குது. போதும்னு சொல்ல அந்த டாங்கேதான் இருக்கு, அதை இனி நான் சொல்லுவனா? தின்னேன். என்னைப் பார்த்துட்டு அந்தம்மாவும் முள்கரண்டி இல்லாம கையாலேயே ஒண்ணை எடுத்துத் தின்னுச்சு. தாடையில ஒழுகவிட்டுக்கிட்டு ரெண்டு பேரும் அழுகுறோம், சிரிக்கிறோம், லேனி நடுவுல நின்னு அழுகுது.

அப்புறம் லேனியை வச்சுக் கேட்டேன், அது சொக்குகிட்ட அரைகுறையாத் தமிழ் கத்து வச்சிருக்கு. கேக்காம எனக்குத் தூக்கம் வராது. "நான் வேண்டாம்னு சொன்னதாகவே இருக்கட்டும். ஒரு தடவையாவது வற்புறுத்தக் கூடாதா? எங்க ஊருல வேண்டாம்னா இன்னொரு தடவை கேளுன்னு அர்த்தம்"னேன். லேனி அதைச் சொல்லி, அந்தம்மா பேசுனதைத் திருப்பிச் சொல்லுச்சு. "எங்க ஊருல ஒருத்தர் வேண்டாம்னு சொன்னப்புறம் மறுபடியும் கேட்டா, அவங்க வார்த்தைய மதிக்கலைன்னு அர்த்தம். உங்களை அவமதிக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் நிறுத்திக்கிட்டேன். அந்தத் தட்டை உங்க முன்னாடியே வச்சுட்டு வரணும்னு எனக்கு எம்புட்டு ஆசையா இருந்துச்சு தெரியுமா"ன்னு. எனக்கு வெக்கமாப் போச்சு தாயி. நான் தண்ணி குடுக்காத வீடுன்னு வைதுக்கிட்டு உக்காந்திருக்கேன், அது எனக்கு மரியாதை பண்ணிக்கிட்டு நின்னிருக்கு.

அந்நேரம் இவுக அடுப்படி வாசல்ல வந்து நின்னாக. கையில ஸ்பூனு. தட்டுல மிச்சம் மூணு கெடந்துச்சு. ஸ்பூனை மேசையில வச்சுட்டு, கையக் கழுவிட்டு வந்து ஒண்ணை எடுத்தாக. "இப்பத்தான் நான் சம்மதிக்கிறேன்"னாக. அம்புட்டையும் தின்னு தீர்த்துட்டு.

இப்ப என் கவலை வேற. நாளைக்கு அந்தம்மா வருது. எனக்கு நாத்தனார்கள் மூணு பேரு. இலையில கையக் குறுக்க வச்சு மறைச்சாலும் விரல் சந்து வழியா பாயாசம் ஊத்துறவளுக. அந்தம்மா ஒரு தடவை வேண்டாம்னு சொல்லும், இவளுக பத்துத் தடவை வைப்பாளுக, நம்ம வார்த்தைய மதிக்காத வீட்டுலயா பொண்ணைக் குடுத்தோம்னு அது ராத்திரி உக்காந்து அழுகும். அதனால அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லிட்டேன். ஒரு தடவைதான் கேக்கணும். வேண்டாம்னா நிறுத்திக்கணும். எல்லாரும் சரின்னுட்டாளுக. என் மேலதான் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதான் பழகிப் பார்ப்போம்னு. ஆமா, உங்கிட்டத்தான். மதுரையில உன்னை ஒரு தடவை கேட்டேன். வேண்டாம்னே. நிறுத்திட்டேன்ல? திண்டுக்கல் போச்சு, மணப்பாறை போச்சு, நான் ரெண்டாவது தடவை கேட்டேனா? நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. காலையில ஏறுனதுல இருந்து நீ ஒண்ணும் சாப்பிடலை, எனக்குத் தெரியாதா? இருந்தும் கேக்கலை. இவுக கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டே வர்றாக, நான் திருச்சி வரைக்கும் தாங்க மாட்டேன்னு.

வண்டி மெதுவாப் போகுதே. திருச்சியா? பையை எடுத்துட்டியா? போன் சீட்டுல கெடக்கு பாரு. சரி, ஒரே ஒரு சந்தேகம். பலகாரம் எடுத்துக்கன்னு கேக்கலை, சந்தேகம்தான் கேக்குறேன். மதுரையில ஒரு வேண்டாம் சொன்னியே, அது எந்த ஊரு வேண்டாம்? ஆஸ்திரியா வேண்டாமா, நம்ம ஊரு வேண்டாமா?

சிரிக்கிறே பாரு. எனக்கு அப்பவே தெரியும். இந்தா, கைய நீட்டு. ஸ்பூனெல்லாம் இல்லை. இன்னொரு கையவும் நீட்டு.

ஏங்க, நீங்க எதுக்கு இப்பக் கண்ணைத் தொறக்குறீக? இது ரெண்டாவது தடவை இல்லை. முதல் தடவையோட மிச்சம்.